வீட்டில் எல்லோரும் பாவிக்கும் கைத்தொலைபேசியில் அந்தரங்கமாக இணையம் பார்ப்பது எப்படி? பெயர் வெளியே வராமல் எழுத முடியுமா?

ஒட்டுசுட்டான் வாசகி எழுதியது:

வணக்கம். இணையத்தில் அந்தரங்கத்தைப் பேணுவது தொடர்பாகச் சில சந்தேகங்கள் உள்ளன. தமிழில் தேடினால் ஏதாவதொரு விபிஎன் செயலியைத் தரவிறக்கச் சொல்லும் விளம்பரங்களே பெரும்பாலும் வருவதால், விடயம் தெரிந்தவர்களிடம் நேரடியாகக் கேட்பது நல்லதென்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் இணையம் பார்க்கக்கூடிய கைத்தொலைபேசி ஒன்றுதான் உண்டு. அம்மா, தம்பி, நான் மூவரும் அதையே பாவிக்கிறோம். அதில் இருப்பது தம்பியின் கூகுள் கணக்கு. பெண்களுக்குரிய ஒரு நோயைப் பற்றி நான் தேடி வாசித்த பிறகு, தம்பி யூடியூப்பைத் திறக்கும்போதெல்லாம் அதே நோய் பற்றிய காணொளிகள் முன்னே வந்து நின்றன. அவன் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இப்போது இன்காக்னிட்டோ பக்கத்தில் மட்டும் தேடுகிறேன். அது போதுமா? நான் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பது சிம் நிறுவனத்துக்குத் தெரியுமா?

கணினி இல்லாததால் விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் படம் முதலியவற்றைச் சந்தியிலுள்ள தொடர்பகத்தின் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பித்தான் அச்செடுக்கிறோம். சில வேளைகளில் அங்குள்ள கணினியிலேயே என் மின்னஞ்சலைத் திறக்கவும் வேண்டியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை எவை?

கடைசியாக, எங்கள் ஊரில் நுண்நிதிக் கடன் எடுத்த பெண்களிடம் தவணை அறவிட வருபவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி முகநூலில் எழுத விரும்புகிறேன். நானும் அந்தக் கடன் குழுவில் ஒருத்தி என்பதால் சொந்தப் பெயரில் எழுத முடியாது. நிறுவனத்தின் பெயரை எழுதும் எண்ணமும் இல்லை. வேறொரு பெயரில் கணக்குத் திறந்து, விபிஎன் போட்டுக்கொண்டு எழுதினால் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாதுதானே? டோர் என்று ஒன்றைப் பற்றியும் சொல்கிறார்கள். இவற்றைப் பாவிப்பது சட்டப்படி குற்றமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


கனகராயன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். வவுனியாவில் கணினி வகுப்பு நடத்துபவன் என்ற முறையில் இந்தக் கேள்விகளை அடிக்கடி எதிர்கொள்கிறேன். எப்படி மறைப்பது என்று கேட்பதற்கு முன், யாரிடமிருந்து மறைப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் விடயத்தில் அதே கைத்தொலைபேசியைத் தொடும் வீட்டார் ஒரு தரப்பு. இணைப்பைத் தரும் நிறுவனம் இன்னொரு தரப்பு. நீங்கள் பார்க்கும் தளமும் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பர நிறுவனங்களும் மூன்றாம் தரப்பு. நீங்கள் எழுதுவதை வாசிக்கப் போகும் ஊரார் நான்காம் தரப்பு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியவருவது வேறு வேறு. ஒருவருக்காக அடைத்த வேலி மற்றவரைத் தடுக்காது.

இன்காக்னிட்டோ முதல் தரப்புக்கு மட்டுமே உரியது. பக்கத்தை மூடியதும் பார்த்த வரலாறும் குக்கீகளும் (உங்களை அடையாளம் காணத் தளங்கள் கருவியில் இட்டு வைக்கும் சிறு கோப்புகள்) அந்தக் கருவியிலிருந்து அழிகின்றன, அவ்வளவுதான். தளங்களும் கூகுளும் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. இதை அந்த நிறுவனம் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020 இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டு, 2024 இல் வெளிவந்த இணக்கத்தின்படி, அவ்வாறு திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. குரோமில் இன்காக்னிட்டோவைத் திறக்கும்போது தோன்றும் எச்சரிக்கை வாசகத்தையும் அதையொட்டி மாற்றினார்கள். அடுத்த முறை அதை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

தம்பியின் யூடியூப்பில் நடந்ததற்குக் காரணம் எளிது. நீங்கள் தேடியது அவருடைய கூகுள் கணக்கின் செயற்பாட்டுப் பதிவில் சேர்ந்துவிட்டது. அந்தக் கணக்கை அவர் வேறொரு கணினியில் திறந்தாலும் அதே பதிவு அங்கே இருக்கும். அவருடைய சம்மதத்துடன் கூகுள் கணக்கின் அமைப்புகளில் "எனது செயற்பாடு" என்ற பகுதிக்குச் சென்று பழையவற்றை அழிக்கலாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்டவை தாமாகவே அழியும்படி வைக்கவும் முடியும். இனிமேலுக்கு, அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் பலவற்றில் "பல பயனர்கள்" அல்லது "விருந்தினர்" என்றொரு வசதி அமைப்புகளில் உண்டு. அதில் உங்களுக்கென ஒரு பயனர் பகுதியைத் தனிப் பூட்டுடன் திறந்தால், உங்கள் செயலிகள், படங்கள், தேடல்கள் எல்லாம் தம்பியின் பகுதியிலிருந்து பிரிந்து நிற்கும். சில நிறுவனங்கள் இந்த வசதியை நீக்கிவிட்டே கைத்தொலைபேசியை விற்கின்றன. உங்களுடையதில் இல்லாவிட்டால் பயர்பொக்ஸ் ஃபோகஸ் என்ற உலாவியை நிறுவி, அதில் டக்டக்கோ தேடுபொறியை வைத்துக்கொள்ளுங்கள். குப்பைத்தொட்டிக் குறியை ஒரு முறை தொட்டால் அதுவரை பார்த்தது முழுவதும் அழிந்துவிடும்.

பலரும் கவனிக்காத இடம் விசைப்பலகை. நீங்கள் தட்டச்சிட்ட சொற்களை அது கற்றுக்கொண்டு, பிறகு வேறொருவர் முதல் இரண்டு எழுத்தைத் தட்டும்போது முழுச் சொல்லையும் முன்மொழியும். நோயின் பெயர் வெளிவருவதற்கு உலாவியின் வரலாறே தேவையில்லை. விசைப்பலகையின் அமைப்புகளில் கற்ற சொற்களை அழிக்கும் வசதி இருக்கிறது. தரவிறக்கிய கோப்புகளும், எடுத்த ஸ்கிரீன்ஷொட்டுகளும்கூட இன்காக்னிட்டோவை மூடினாலும் அப்படியே கிடக்கும்.

சிம் நிறுவனத்தைப் பொறுத்தவரை, இன்று பெரும்பாலான தளங்கள், உங்களுக்கும் தளத்துக்கும் இடையே செல்வதைப் பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குவதால் நீங்கள் வாசித்த பக்கமும் எழுதிய சொற்களும் அவர்களுக்குத் தெரியாது. தளத்தின் பெயர் தெரியும். ஒரு பெயரை ஐபி முகவரியாக, அதாவது இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் இலக்கமாக, மாற்றித் தரும் டிஎன்எஸ் வினவல் வழமையாக மறைக்கப்படாமல் அவர்கள் வழியாகவே போகிறது. 2018 இல் வந்த அன்ட்ரொயிட் 9 முதல் "தனிப்பட்ட டிஎன்எஸ்" என்ற அமைப்பு உள்ளது. அதில் கிளவுட்ஃபிளேர் அல்லது குவாட்9 தரும் முகவரியை இட்டால் அந்த வினவல் மறைந்து செல்லும். ஆனாலும் இணைப்புத் தொடங்கும் தருணத்தில் தளத்தின் பெயர் இன்னொரு வழியில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடுவதால் இதை முழுக் காப்பென்று எண்ண வேண்டாம். கைத்தொலைபேசி இணைப்பில் பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் நிற்பார்கள் என்பது உண்மைதான். எனினும் எந்த நேரத்தில் எந்தச் சிம் அட்டை அதைப் பாவித்தது என்பதை நிறுவனம் பதிவேட்டில் வைத்திருக்க முடியும். சிம் அட்டையோ தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பதிந்தது.

விபிஎன் என்பது உங்கள் இணைப்பை மறைத்து இன்னொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்புவது; அதாவது அந்தப் பார்வையைச் சிம் நிறுவனத்திடமிருந்து எடுத்து விபிஎன் நிறுவனத்தின் கையில் கொடுப்பது. யாரும் பார்க்காத நிலை அதனால் வந்துவிடாது, பார்ப்பவர் மாறுகிறார். இதற்கு ஒனாவோ புரொடெக்ட் என்ற செயலியைவிட நல்ல உதாரணம் இல்லை. பாதுகாப்பான விபிஎன் என்று விளம்பரப்படுத்தப்பட்ட அதை வைத்திருந்தது 2013 இல் அந்நிறுவனத்தை வாங்கிய பேஸ்புக். மக்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்று அறிய அது பயன்பட்டது. 2018 இல் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து அகற்றப்பட்டு, 2019 இல் மூடப்பட்டது. ஆகவே காசு கேட்காத ஒரு செயலி எதைக் கொண்டு பிழைக்கிறது என்று கேட்காமல் நிறுவ வேண்டாம். இலவசமாக வேண்டுமென்றால், காசு கட்டுபவர்களைக் கொண்டு இயங்கும் புரோட்டன் விபிஎன் போன்றவற்றின் இலவசப் பகுதி ஒப்பீட்டளவில் நம்பகமானது.

விளம்பர நிறுவனங்கள் பின்தொடர்வதைக் குறைக்க, அன்ட்ரொயிடில் பயர்பொக்ஸும் அதற்குள் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளொக் ஒரிஜின் என்ற நீட்சியும் (உலாவியில் சேர்க்கும் துணைச் செயலி) போதும். நீங்கள் பார்க்கும் தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் இடும் "மூன்றாம் தரப்புக் குக்கீகளை" ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 இல் முற்றாகத் தடுத்தது. பயர்பொக்ஸ் 2022 இல் அவற்றைத் தளத்துக்குத் தளம் பிரித்து அடைத்தது. குரோமில் அவற்றை ஒழிக்கப் போவதாகச் சொல்லிவந்த கூகுள் 2024 இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. எந்த உலாவி யாருடையது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.


மாங்குளம் சந்தி எழுதியது:

இவ்வளவு தேவையா என்று எனக்குப் படுகிறது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கியபோது நாங்கள் எல்லோரும் கிடைத்த இலவச விபிஎன் ஒன்றைப் போட்டுக்கொண்டு முகநூலைப் பார்த்தோம். யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. பிழையாக ஒன்றும் செய்யாத ஒருவர் எதை ஒளிக்க வேண்டும்? வன்னிக் காட்டுக்குள் இருக்கும் ஒரு பெண் என்ன தேடினார் என்று அமெரிக்காவில் யார் கவலைப்படப் போகிறார்கள்?


பாலைப்பழம் எழுதியது:

மாங்குளம் சந்தித் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று விபிஎன் செய்த வேலை தடையைத் தாண்டியது. அதற்கு ஏறக்குறைய எந்த விபிஎன் செயலியும் போதும். யார் எழுதியது என்பதை மறைப்பது முற்றிலும் வேறு வேலை. ஒளிக்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, 2009 இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களில் இருந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். குடும்ப விபரத்தை வந்தவர் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தோம். எந்தப் படிவம் எந்த அலுமாரியில் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. விபரத்தைக் கொடுப்பவருக்கு அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை இருக்கிறது. அதற்குக் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. தவிரவும், தங்கச்சி பயப்படுவது அமெரிக்காவுக்கு இல்லை, அடுத்த வீட்டுக்கு.

தங்கச்சி, நான் பல ஆண்டுகள் மாதர் சங்கங்களோடு வேலை செய்தவள். கனகராயன் சொன்ன நான்காம் தரப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் இங்கே எழுதிய கேள்வியையே ஒரு முறை திரும்ப வாசியுங்கள். ஊரின் பெயர், அம்மாவும் தம்பியும் உள்ள வீடு, ஒரே கைத்தொலைபேசி, கடன் குழுவில் அங்கத்துவம், ஒரு நோய். இந்த ஐந்தும் பொருந்தும் பெண்கள் உங்கள் பகுதியில் எத்தனை பேர் இருப்பார்கள்? தொழில்நுட்பம் எதுவுமே தெரியாத ஒருவர், அந்தக் கடனை அறவிட வருபவர், தன் கொப்பியைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடுவார். மட்டுறுத்துநரிடம் சொல்லி ஊரின் பெயரையாவது எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இது ஊகம் இல்லை. 2006 இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஏறக்குறைய 650,000 பேரின் தேடல்களை, பெயருக்குப் பதிலாக வெறும் இலக்கமிட்டு, ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. பத்திரிகையாளர்கள் அதில் ஓர் இலக்கத்துக்குரிய தேடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஜோர்ஜியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் தன் ஊரிலுள்ள சேவைகளையும் தன் குடும்பப் பெயர் கொண்டவர்களையும் தேடியிருந்தார். பெயர் தேவைப்படவில்லை; ஊர் சிறிதாக இருந்ததே போதுமாக இருந்தது. எங்கள் ஊர்கள் அதைவிடச் சிறியவை.

முகநூலில் புதுப் பெயரில் கணக்குத் திறக்க நினைக்கிறீர்கள். அதற்கு ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பீர்கள். அந்த இலக்கம் குழுவிலுள்ள பெண்களின் கைத்தொலைபேசிகளில் உங்கள் பெயரோடு சேமிக்கப்பட்டிருக்கும். அவர்களில் யாராவது தம் தொடர்புப் பட்டியலை முகநூலுக்கு ஏற்றியிருந்தால், "நீங்கள் அறிந்திருக்கக்கூடியவர்கள்" என்ற வரிசையில் உங்கள் புனைபெயர்க் கணக்கை அது அவர்களுக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தலாம். தம்பியின் கணக்குத் திறந்திருக்கும் அதே கருவியிலிருந்து நுழைந்தால் இரண்டையும் முகநூல் தொடர்புபடுத்தவும் கூடும். இவை எதையும் விபிஎன் தடுக்காது. முகநூல் குழுக்களில் பெயரின்றிப் பதிவிடும் வசதியும் உண்டு. அதில் வாசகர்களுக்குத்தான் பெயர் தெரியாது, குழுவை நடத்துபவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் அறவிட வருபவரின் மைத்துனராக இருக்க மாட்டார் என்று எங்கள் பக்கத்தில் யாரால் உறுதி சொல்ல முடியும்?

எழுத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் நுணுக்கமானவை. ஆதாரமாகத் தவணை அட்டையின் படத்தைப் போடத் தோன்றும். அதில் கடன் இலக்கமும் குழு இலக்கமும் அறவிட்டவரின் கையொப்பமும் திகதியும் இருக்கும். பெயரை மட்டும் விரலால் மறைத்துப் படம் எடுப்பதில் பயனில்லை. தவணைத் தொகையையும், அவர்கள் வரும் கிழமையையும், நடந்த சம்பவத்தின் வரிசையையும் அப்படியே எழுதினாலும் அதே கதைதான். ஓர் ஊரின் கதையாக எழுதாமல், பல ஊர்ப் பெண்கள் சொன்னவற்றைச் சேர்த்து, அறவிடும் முறையைப் பற்றிய கட்டுரையாக எழுதுங்கள். அப்போது உண்மையும் குறையாது, ஆளும் தெரியாது. நடந்த உடனேயும் பதிவிடாதீர்கள். நேற்றுச் சத்தம் போட்டவர் இன்று அதை முகநூலில் கண்டால், நேற்று அங்கே இருந்தவர்களைத்தான் முதலில் எண்ணுவார்.

படம் எதையாவது போட வேண்டியிருந்தால், கைத்தொலைபேசிக் கமெராவில் இட விபரம் பதிவாகும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த மறைவிபரம் நீங்கிவிடும்; அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

தொடர்பகத்தைப் பற்றி உங்களை நான் மிரட்ட விரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் அந்தக் கடையின் கணினித் திரையை ஒரு முறை உற்றுப் பாருங்கள். வட்ஸ்அப் திறந்திருக்கும், ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் தரவிறக்கக் கோப்புறையில் வரிசையாகக் கிடக்கும். அனுப்பியதை நீங்கள் உங்கள் பக்கத்தில் "எல்லோருக்கும் அழி" என்று அழித்தாலும், அங்கே இறக்கி வைத்த பிரதி போகாது. முடிந்தால் பென் டிரைவில் கொண்டுபோய் அச்செடுங்கள். முடியாவிட்டால், அச்செடுத்த பின் கோப்பையும், மீள்சுழற்சித் தொட்டியில் உள்ளதையும் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். சிரித்த முகத்தோடு கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. மின்னஞ்சலை அங்கே திறக்க வேண்டி வந்தால் இன்காக்னிட்டோவில் திறவுங்கள். அது உண்மையாகப் பயன்படும் இடம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் கருவிகளின் பட்டியலையும், வட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்பதையும் பார்த்து, தெரியாதது எது இருந்தாலும் வெளியேற்றிவிடுங்கள்.


ஒட்டுசுட்டான் வாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பாலைப்பழம் அக்கா, ஊரின் பெயரை எடுக்கும்படி மட்டுறுத்துநருக்கு எழுதியிருக்கிறேன். எங்கள் கைத்தொலைபேசியில் பல பயனர்கள் வசதி இருக்கிறது. தம்பியே அதைத் திறந்து தந்தான். விசைப்பலகையில் பார்த்தபோது, நான் தேடிய நோயின் பெயர் மட்டுமல்லாமல் அம்மாவின் மருந்தின் பெயரும் அதில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

கனகராயன் அண்ணா, டோர் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. எங்கள் பக்கம் 4ஜி சமிக்ஞை மரத்தடிக்கு மரத்தடி மாறும். தரவுப் பொதியும் சிறியது. அந்த நிலையில் அதனால் பயன் உண்டா?


கனகராயன் எழுதியது:

டோரை வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். அதைக் கேட்டவுடன் பலரும் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்.

அதன் அடிப்படை 1990 களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் உருவானது. 2002 இல் மென்பொருளாக வெளிவந்து, 2006 முதல் டோர் புரொஜெக்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் தரவு மூன்று மடிப்பாக மறையாக்கப்பட்டு (பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டு), தொண்டர்கள் நடத்தும் பல ஆயிரம் கணினிகளில் ஏதாவது மூன்றின் வழியாகச் செல்லும். முதலாவது கணினிக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவில் உள்ளதற்கு இரண்டுமே தெரியாது. விபிஎன்னில் ஒரே நிறுவனம் இரண்டையும் அறிந்திருக்கிறது. இங்கே எந்த ஒருவரும் முழுவதையும் அறிவதில்லை என்பதுதான் வேறுபாடு.

ஆனால் கடைசிக் கணினியை நடத்துபவர், மறையாக்கம் இல்லாமல் வெளியேறும் தரவை வாசிக்க முடியும். 2007 இல் சுவீடனைச் சேர்ந்த ஒருவர் இவ்வாறான கணினிகளை நடத்தி, பல நாடுகளின் தூதரக மின்னஞ்சல்களுக்கான கடவுச்சொற்களைச் சேகரித்துக் காட்டினார். எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் டோர் வழியாகக் கடவுச்சொல்லை இடக்கூடாது என்பது அதிலிருந்து வந்த பாடம்.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது 2013 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பரீட்சையைத் தவிர்ப்பதற்காக ஒரு மாணவர் டோர் வழியாகப் பொய்யான குண்டு மிரட்டல் மின்னஞ்சலை அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. மின்னஞ்சல் டோரிலிருந்து வந்தது என்பது தெரிந்ததும், அந்த நேரத்தில் வளாகத்தின் வலையமைப்பிலிருந்து டோருக்குள் நுழைந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். சிறு கூட்டம்தான், அவர் அகப்பட்டார். அவர் செய்தது குற்றம், பிடிபட்டது நியாயம். ஆனால் தொழில்நுட்பச் செய்தி எல்லோருக்கும் பொதுவானது. டோர் உங்கள் பெயரை மறைக்கும், நீங்கள் டோரைப் பாவிக்கிறீர்கள் என்பதை இயல்பாக மறைக்காது. கொழும்பில் நீங்கள் பலரில் ஒருவர். ஒரு கிராமத்துக் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் கீழ் டோரைப் பாவிப்பவர் ஒருவேளை நீங்கள் மட்டுமே. பாலைப்பழம் அக்கா ஊரைப் பற்றிச் சொன்னது வலையமைப்புக்கும் பொருந்துகிறது.

வாசிப்பதற்கு, குறிப்பாக நோய் பற்றியும் சட்டம் பற்றியும் தேடுவதற்கு, டோர் உலாவி மிக நல்லது. அன்ட்ரொயிடுக்கான நிலையான பதிப்பு 2019 முதல் இருக்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். வேகம் குறைவு; காணொளி பார்க்க உதவாது. எழுத்து மட்டும் உள்ள பக்கங்களுக்கு உங்கள் தரவுப் பொதி தாங்கும். முகநூலுக்கு 2014 முதல் டோருக்கென்றே தனி முகவரி உண்டு என்றாலும், டோர் வழியாகப் புதுக் கணக்குத் திறப்பவரைச் சந்தேகித்துத் தொலைபேசி இலக்கம் கேட்டு மறிப்பது வழக்கம். இலக்கத்தைக் கொடுத்த கணத்தில் அத்தனை மடிப்பும் வீண்.

டோர் உலாவி உங்களைப் பார்த்து, தளங்களை ஆங்கிலத்தில் கேட்கட்டுமா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். தமிழைப் புறக்கணிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு உலாவியும் தன் மொழி, எழுத்துருக்கள், திரை அளவு முதலியவற்றைத் தளத்துக்குத் தெரிவிக்கிறது. இவற்றின் சேர்க்கையே ஒரு கைரேகை. இணைய உரிமைகளுக்காக இயங்கும் இலத்திரனியல் எல்லை அறக்கட்டளை 2010 இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த உலாவிகளில் 83.6 வீதமானவை தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. இலங்கைத் தமிழ் என்று அமைத்த உலாவி உலகில் மிகச் சிலரிடமே இருக்கும். டோரின் பாதுகாப்பு எல்லோரும் ஒன்றுபோலத் தெரிவதில்தான் தங்கியிருக்கிறது. அதே காரணத்தால் அதில் நீட்சி எதையும் சேர்க்கவும் கூடாது.


நீதிமன்ற வீதி எழுதியது:

சட்டம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். விபிஎன்னையோ டோரையோ பாவிப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. கருவி எதுவாக இருந்தாலும் அதைக் கொண்டு செய்யும் செயலே பார்க்கப்படும். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குத் தொடரலாம். 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையிலுள்ள, அவ்வாண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் தடைசெய்யப்பட்ட பொய்க் கூற்றுகளையும், தடைசெய்யப்பட்ட நோக்கங்களுக்காகப் போலிக் கணக்குகளைப் பாவிப்பதையும் பற்றிப் பேசுகிறது. அதன் சொற்கள் அகலமாக வரையப்பட்டிருப்பதாகப் பலரும் விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்பதே என் கருத்தும். ஆகவே புனைபெயரைவிட எழுதும் பொருளில் கூடுதல் அக்கறை எடுங்கள். கண்டதை, கேட்டதை, கணக்கில் உள்ளதை எழுதுங்கள். "கள்ளர்", "கொள்ளையர்" என்று எழுத வேண்டிய தேவை இல்லை. தவணை அட்டைகளின் பிரதிகளை வெளியிடாவிட்டாலும், பத்திரமாக எடுத்து வையுங்கள்.

நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்பது நோக்கமானால் முகநூல் அதற்கான இடம் இல்லை. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தான் ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடுகளை ஏற்கிறது. அங்கே பெயரும் முகவரியும் கொடுத்துத்தான் எழுத வேண்டும். பல பெண்கள் சேர்ந்து கையொப்பமிட்டு அனுப்பினால், தனியொருவர் மேல் எவரும் கை வைப்பது கடினம்.


ஒட்டுசுட்டான் வாசகி எழுதியது:

இப்போது எனக்கு வழி ஓரளவு தெளிவாகிவிட்டது. வாசிப்பதற்கு என் பயனர் பகுதியில் டோர் உலாவியை நிறுவியிருக்கிறேன். மருத்துவப் பக்கங்கள் மெதுவாக என்றாலும் திறக்கின்றன. முறைப்பாட்டைப் பற்றிக் குழுவிலுள்ள மற்றவர்களோடு பேச வேண்டும். கட்டுரையை அக்கா சொன்னபடி பல ஊர்களின் விடயமாக எழுதத் தொடங்கிவிட்டேன். அக்கா, அதை உங்களுக்குத் தனிமடலில் அனுப்பினால், ஆள் தெரியும்படியான இடங்களைக் குறித்துத் தருவீர்களா?


பாலைப்பழம் எழுதியது:

எனக்கு அனுப்ப வேண்டாம், தங்கச்சி. பாலைப்பழம் என்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது. இந்தப் பெயருக்குப் பின்னால் அறவிட வருபவரே இருந்தாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. உங்கள் குழுவில் இல்லாத, ஆனால் உங்கள் ஊரை நன்றாக அறிந்த, நீங்கள் நேரில் நம்பும் ஒருவரிடம் தாளில் எழுதிக் கொடுத்து, "இதை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் எந்த வரியில் விரலை வைக்கிறாரோ அந்த வரியை எடுத்துவிடுங்கள். பிறகு தாளை வாங்கி வந்துவிடுங்கள்.